மூஞ்சி வேணாம், கையப் போடு

முண்டியம்பாக்கம் தாண்டி வண்டி வேகம் பிடித்தபோது என் ரப்பர் ஜன்னல் வழியாக வெளியே போய் விழுந்தது. மடியில் பாதி வரைந்த ஒரு தூக்குச்சட்டி. அதன் வளையம் கோணலாக இருந்தது. அழிக்க வேண்டும், அழிக்க ஒன்றுமில்லை. பத்து மணிக்கு அதைத் திண்டிவனத்தில் டிராயிங் டீச்சர் முன்னால் வைத்தாக வேண்டும். வெளியே ஓடும் கருவேல மரங்களைப் பார்த்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. அழிக்கவே முடியாத ஒன்றால் வரைந்தால் ரப்பர் எதற்கு? பையிலிருந்த மைப்பேனாவை எடுத்தேன். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். எதிரே எது இருக்கிறதோ அதைப் போடுவது என்று நிமிர்ந்தேன். எதிரே இருந்தது அவள் முகம்.

நெற்றி முடிந்து புருவம் வரை வந்திருப்பேன். முந்தானை ஏறி முகத்தை மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூஞ்சி வேணாம். கையப் போடு."

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பயம்தான் காரணம். சொந்த ஊரையும் எழுத முடியாது, ஏனென்றால் அவளே எனக்கு இரண்டு ஊர் சொன்னாள். முதலில் வளவனூர் என்றாள், இரண்டு மாதம் கழித்து முகையூர் என்றாள். எது பொய் என்று அப்போது குடைந்து குடைந்து கேட்டேன். இரண்டுமே பொய்யாக இருக்கட்டும் என்று இப்போது வேண்டிக்கொள்கிறேன். நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை டீச்சரு என்பாள். நான் டீச்சராக இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கியிருந்த காலம் அது. ஐம்பதுகள் முடிகிற சமயம்.

என் அப்பாவுக்கு விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் ஆபீஸ் வேலை. எனக்குத் திண்டிவனத்தில் ஆசிரியைப் பயிற்சி. காலை பாசஞ்சரில் பெண்கள் பெட்டி, சீசன் டிக்கெட். அப்பா கொண்டுவரும் பழைய பார்சல் படிவங்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதுதான் என் வரைபடத் தாள். அக்காவுக்குத் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கும் வேலை. நல்லதைத் தனியே, சொத்தையைத் தனியே, நாள் முழுக்க. விழுப்புரத்திலேயே மண்டி இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று ஒருநாள் கேட்டேன். அங்கே ஊரிலிருந்து மூட்டை ஏற்றிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்று தொடங்கியவள், பாதியில் நிறுத்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவள் வண்டியில் ஏறுகிற விதமே தனி. கேட்டு வழியாக, பிளாட்பாரம் வழியாக அவள் வந்து நான் பார்த்ததில்லை. கார்டு விசில் ஊதி வண்டி ஓர் அசை அசைந்த பிறகு, பிளாட்பாரம் இல்லாத எதிர்ப்பக்கத்துக் கதவில் ஒரு கை தெரியும். அடுத்து ஒரு சாப்பாட்டுத் தூக்கு. அதற்கப்புறம் அவள். யார்டில் தண்டவாளங்களைத் தாண்டி ஓடிவந்து தொற்றிக்கொள்வாள். உட்காருவதும் அந்தக் கதவை ஒட்டித்தான். ஒவ்வொரு ஸ்டேஷன் வருவதற்கு முன்பும் அந்தக் கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். எதற்கு என்றால், காற்று வரட்டும் என்பாள். வண்டி நின்றதும் குனிந்து சீட்டுக்கு அடியில் எதையோ தேடுவாள். வண்டி புறப்பட்ட பிறகுதான் நிமிர்வாள்.

எங்கள் பெட்டியில் தினமும் வருகிற வெற்றிலைக்காரம்மா ஒருத்தி இருந்தாள். விழுப்புரத்தில் கட்டுக் கட்டாக எடுத்துத் திண்டிவனத்தில் விற்பவள். அந்தம்மாவின் வாய்க்குப் பெட்டியே அடங்கும்.

"தெனம் தொலைக்கிறா, தெனம் தேடறா. அப்பிடி இன்னாதாண்டி வச்சிக்கிற அந்த சீட்டு அடியில, பொதையலா?"

நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அக்காவும் குனிந்தபடியே சிரிப்பாள். அது சிரிப்பு என்றுதான் நினைத்தேன்.

ரப்பர் போன நாளிலிருந்து நான் பென்சிலைத் தொடவில்லை. வெறி பிடித்தது போலப் பேனாவில் வரைந்தேன். ஓடுகிற வண்டியில் பேனா வரைந்தால் கோடு மண்புழு மாதிரி நெளியும். நாலைந்து நாள் அவஸ்தைப்பட்டு எனக்கு நானே ஒரு முறை கண்டுபிடித்தேன். ஓடும்போது பார்ப்பது, நிற்கும்போது போடுவது. முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நிற்கிற இரண்டு நிமிஷத்துக்குள் பார்த்து வைத்ததை இறக்கிவிட வேண்டும். பேரணி ஸ்டேஷனில் மட்டும் எங்களுக்கு அதிர்ஷ்டம். ஒற்றை லைன் என்பதால் எதிர் வண்டி வந்து பக்கத்து லைனில் நின்ற பிறகுதான் எங்களை விடுவார்கள். பத்து நிமிஷமாவது கிடைக்கும்.

இரண்டு நிமிஷத்தில் தயங்க நேரமில்லை. தப்பான கோட்டை வெட்டினால் படம் அசிங்கமாகிறது, விட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டால் பார்க்கிறவர் கண் சரியானதைத்தான் எடுத்துக்கொள்கிறது என்பதையும் அந்த நிறுத்தங்களில்தான் கண்டுகொண்டேன். டிராயிங் டீச்சர் சொல்லாத விஷயம் இது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு நாளைக்கு நாலு கை, ஐந்து கை. எல்லாம் அக்காவின் கைகள். தூக்குச்சட்டியைப் பிடித்த கை, கம்பியைப் பிடித்த கை, மடியில் சும்மா கிடக்கும் கை. நகக்கண்ணில் மல்லாட்டைத் தோலின் சிவப்பு ஏறியிருக்கும். நீல மையில் அந்தச் சிவப்பை எப்படிக் காட்டுவது என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

வரைந்ததை அவளிடம் காட்டுவேன். அவள் ஈவிரக்கமே பார்க்க மாட்டாள்.

"இது எங்கையா? வாழக்கா சீப்பு மாதிரி கீது. எண்ணிப் பாரு, ஆறு வெரலு."

எண்ணிப் பார்ப்பேன். ஆறுதான் இருக்கும்.

ஆடி முழுக்க வாழைக்காய் சீப்பு. ஆவணியில் விரல்கள் ஐந்துக்கு இறங்கின. புரட்டாசியில் ஒருநாள், கம்பியைச் சுற்றிய அவள் வலது கையை விக்கிரவாண்டியில் நின்ற நேரத்துக்குள் ஒரே மூச்சில் போட்டேன். நீட்டினேன். அவள் தாளைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி தாளைப் பார்த்தாள். பாராட்டுவாள் என்று பல்லைக் காட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"இது என் கைதான்" என்றாள். கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "இத யாருக்கும் காட்டாத டீச்சரு" என்றாள்.

கையைப் பார்த்து ஆளை யார் கண்டுபிடிப்பார்கள் என்று கேட்டேன். திண்டிவனம் வரை அந்தக் கை வெளியே வரவில்லை.

அவள் இடது முன்கையில் ஒரு தழும்பு இருந்தது. கரண்டிக் காம்பு அகலம், நாலு விரல் நீளம். அந்த இடத்தில் மட்டும் தோல் மினுமினுக்கும். எனக்கு அது ஒரு பாடமாகத்தான் பட்டது. மையில் மினுமினுப்பைப் போட முடியாது. சுற்றிலும் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் போட்டு நடுவில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும், அந்தத் தொடாத வெள்ளைதான் மினுக்கும். பத்துப் பதினைந்து தாள் வீணாக்கி அதைப் பிடித்தேன். பிடித்த சந்தோஷத்தில், எப்படி ஆச்சு அக்கா என்று கேட்டேன்.

"சோறு கொழஞ்சி போச்சி" என்றாள்.

கஞ்சி வடிக்கும்போது கொட்டிக்கொண்டாள் போலும் என்று எடுத்துக்கொண்டேன். கஞ்சி கொட்டினால் தழும்பு கரண்டிக் காம்பு மாதிரி நேராக இருக்குமா என்று யோசிக்கவில்லை. நூறு முறை அந்தக் கையைப் பார்த்து வரைந்தவள் நான். எனக்கு அது தோன்றவேயில்லை.

ஒருமுறை விக்கிரவாண்டியில் தலைப்பாகை கட்டிய ஒருவர் எங்கள் ஜன்னலில் குனிந்து, இந்த வண்டி மயிலத்தில் நிற்குமா என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அக்கா எழுந்துபோய்க் கக்கூஸுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டவள் திண்டிவனத்தில்தான் வெளியே வந்தாள். நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். வெற்றிலைக்காரம்மா சிரிக்கவில்லை. காம்பு கிள்ளிக்கொண்டிருந்த வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "சிரிக்காத பாப்பா. பட்டவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

கைக்கு அடுத்து கால், காலுக்கு அடுத்து முதுகு, கொண்டை, காது. முகம் தவிர எல்லாவற்றையும் அவள் தந்தாள். அவளைத் துண்டு துண்டாக எனக்குத் தெரியும். ஆனால் முழுசாக அந்த முகத்தை நான் பார்த்ததேயில்லை. முந்தானை, முழங்கை, திரும்பல், குனிதல், ஏதோ ஒன்று எப்போதும் குறுக்கே இருக்கும். தடுக்கத் தடுக்க எனக்கு அரிப்பு கூடியது. கையைப் போட்டாயிற்று, இனி முகம் போடாவிட்டால் நான் என்ன கற்றேன்?

மாசி மாதத்தில் ஒரு காலை. பேரணியில் எதிர் வண்டி தாமதம். பெட்டியில் கூட்டமில்லை. அக்காவுக்கு முந்தின நாள் காய்ச்சல். தலையைக் கதவோரச் சுவரில் சாய்த்தவள் அப்படியே தூங்கிப்போனாள். முந்தானை சரிந்து தோளில் விழுந்தது.

அந்த முகம் எப்படி இருந்தது என்று இங்கே எழுத மாட்டேன். ஒருமுறை செய்த தப்பு போதும்.

பேனாவைத் திறந்தேன். பயமாக இருந்தது, ஆனால் கை நடுங்கவில்லை. நெற்றியில் தொடங்கி ஒரு கோடு தாடை வரை இறங்கிற்று. அதன் பக்கத்தில் இன்னொரு கோடு தேவைப்படவில்லை. மூடிய இமைகளுக்கு இரண்டு வளைவு. உதட்டோரம் ஒரு புள்ளி. எதிர் வண்டி வந்து ஊதியபோது முடித்திருந்தேன். எட்டு மாதத்தில் ஒரு கோடுகூடத் தப்பாத முதல் படம். அவள் கண் விழிப்பதற்குள் உளவியல் புத்தகத்துக்குள் வைத்து மூடினேன். அவளிடம் காட்டவில்லை. காட்டினால் கிழித்துவிடுவாள் என்ற பயம் ஒன்று. ஏமாற்றி எடுத்தது என்ற உறுத்தல் இன்னொன்று.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் இரண்டு நாள் பொருட்காட்சி வைப்பார்கள். பெரிய கூடத்தில் சணல் கயிறு கட்டி எங்கள் படங்களைக் குண்டூசியில் குத்தித் தொங்கவிடுவார்கள். ஊரே வந்து பார்க்கும். டிராயிங் டீச்சர் என்னைக் கட்டாயப்படுத்தினார் என்று எழுதினால் எனக்கு லேசாக இருக்கும். நானேதான் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கூடத்தின் நடுக் கயிற்றில் மாட்டினார். கழுத்தோடு முடிகிற ஒரு முகம், கண் மூடி, நீல மையில்.

இரண்டாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் நாற்பது வயதுக்காரர் ஒருவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. சீனியர் பெண் ஒருத்திக்கு மாமாவாம். மற்றவர்கள் எல்லாம் வந்தார்கள், போனார்கள், அவர் நின்றுகொண்டே இருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பூரித்தது. பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

"யாரும்மா இத போட்டது?"

நான்தான் என்றேன்.

"பாத்துப் போட்டியா, மனசுல இருந்து போட்டியா?"

இதைவிட ஒரு படக்காரிக்கு வேறு என்ன கேள்வி வேண்டும்? கொட்டினேன். விழுப்புரத்திலிருந்து வரும் காலை பாசஞ்சரில் பார்த்து வரைந்தது என்றேன். பெண்கள் பெட்டி என்றேன். பேரணியில் வண்டி நின்ற நேரத்துக்குள் முடித்தேன் என்றேன். ஒரு கோடும் தப்பவில்லை, பாருங்கள் என்றேன். ஆகா, ஆகா என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவ்வளவு மரியாதையாக என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை.

"எல்லாம் தத்ரூபமா கீது" என்றார். "எடது கையில ஒரு தழும்பு இருக்குமே. அத உட்டுட்டியே."

கூடத்தில் அவ்வளவு சத்தம் இருந்தும் எனக்கு அது ஒன்றுதான் கேட்டது.

அதற்குள் டிராயிங் டீச்சர் வந்துவிட்டார். குடைக்காரர் டீச்சரிடம் நிதானமாகச் சொன்னார். தன் தம்பி பெண்சாதி. சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒன்றரை வருஷமாகிறது. போட்டோ ஒன்றுகூட இல்லை, எதைக் காட்டித் தேடுவது? இந்தப் படத்தைக் கொடுத்தால் ஊர் ஊராகக் காட்டலாம். டீச்சருக்குக் கண் கலங்கிற்று. உன் படத்தால் ஒரு குடும்பம் ஒன்று சேரப் போகிறது என்று என் முதுகில் தட்டினார்.

"அந்தத் தழும்பையும் கொஞ்சம் போட்டுக் குடு பாப்பா" என்றார் அவர். "அது இருந்தா பாத்தவங்க ஜல்தியா கண்டுபுடிப்பாங்க."

தழும்பு எப்படி வந்தது என்று கேட்டேன். எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ.

"அடுப்பாண்ட அஜாக்கிரத" என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "சோத்தக் கொழய உட்டா, வூட்ல கண்டிக்காம இருப்பாங்களா?"

நூறு முறை நான் வரைந்த கையை அப்போதுதான் பார்த்தேன்.

கயிற்றிலிருந்து படத்தை எடுத்தேன். பேனாவில் மை இல்லை, நிரப்பிக்கொண்டு கையை வரைந்து தருகிறேன் என்று மேஜைக்குக் கொண்டுபோனேன். இருவரும் பின்னால் வந்து நின்றார்கள். மைக்கூட்டைத் திறந்தேன். எட்டு மாதம் நடுங்காமல் பழக்கிய கை இப்போது நடுங்கியது, அதனால் நடிக்க வேண்டியிருக்கவில்லை. கூடு கவிழ்ந்தது. மை கழுத்தில் தொடங்கித் தாடைக்கு ஏறி, உதட்டை மூடி, இரண்டு இமைகளையும் மூடிற்று. அதைத் துடைப்பது போல உள்ளங்கையால் இன்னும் நன்றாகத் தேய்த்துவிட்டேன்.

டீச்சர் என்னைத் திட்டிய திட்டு எதுவும் காதில் ஏறவில்லை. குடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை.

"போவட்டும் உடுங்க டீச்சர், சின்னப் பொண்ணு" என்றார். குடையை எடுத்துக்கொண்டார். "படம் எதுக்கு? எந்த வண்டின்னுதான் பாப்பா சொல்லிடுச்சே."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள தெருக்களில் அலைந்தேன். அவள் வீடு எது என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் பயம். கேட்டால் இன்னொருவருக்கும் காட்டிக்கொடுத்ததாக ஆகும். கதவு திறந்திருந்த வீடுகளை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தபோது, நானும் அந்த ஆளும் ஒரே வேலையைத்தான் செய்கிறோம் என்று பட்டது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை அவர் ஸ்டேஷன் கேட்டருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தெரிந்தவர் போலத் தலையசைத்தார். நான் பெட்டியில் ஏறி எதிர்ப்பக்கத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வராமல் இருக்கட்டும், இன்றும் காய்ச்சலாக இருக்கட்டும். விசில். வண்டி ஓர் அசை அசைந்தது. கதவில் ஒரு கை. தூக்கு. அவள்.

முண்டியம்பாக்கம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எதையும் குறைக்கவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். திட்டவில்லை. கேட்டதெல்லாம் வேறு.

"மூஞ்சியவா போட்ட?"

"ஆமாக்கா."

"கண்ணு தெறந்தா, மூடியா?"

"மூடி. நீங்க தூங்கிக்கினு இருந்தீங்க."

"எங்க அது?"

மை ஊற்றி அழித்துவிட்டேன் என்றேன்.

"என்ன யாரும் படம் புடிச்சதில்ல" என்றாள். "ஒருவாட்டி எங்கிட்ட காட்டிட்டு ஊத்தியிருக்கலாம்."

வண்டி முண்டியம்பாக்கத்தில் நின்றது. அவள் குனிந்தாள். இந்தமுறை எதைத் தேடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. வெற்றிலைக்காரம்மா எல்லாவற்றையும் காதில் வாங்கியிருக்க வேண்டும். கூடையைக் காலால் நகர்த்தி அக்காவை மறைத்து, ஈரச் சாக்கை அதன்மேல் விரித்தாள். வேறு பெட்டியில் ஏறியிருந்த குடைக்காரர் இறங்கி, பிளாட்பாரத்தில் ஒவ்வொரு ஜன்னலாக வந்தார். எங்கள் ஜன்னலில் நின்று, எங்கேம்மா அந்தப் பொண்ணு என்றார். இன்றைக்கு வரவில்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பொம்பளைங்க பொட்டியில இன்னாய்யா எட்டிப் பாக்கற" என்றாள் வெற்றிலைக்காரம்மா. "உன் பொட்டிக்குப் போய்க் குந்து."

விக்கிரவாண்டியில் அவர் மறுபடி வந்தார். பேசவில்லை. ஜன்னல் கம்பியில் கையை வைத்தார். விரலில் ஒரு மோதிரம். அது கம்பியில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு படம் போட எப்போதும் போதாத இரண்டு நிமிஷம் அன்றைக்கு முடியவேயில்லை. ஈரச் சாக்கு மூச்சுக்கு மேலும் கீழும் அசைந்தது. அதைப் பார்க்காமல் இருக்க என் சீசன் டிக்கெட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்தது பேரணி. பத்து நிமிஷம். அவர் ஏறிப் பார்க்கத்தான் போகிறார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. வண்டி ஓடும்போதே அக்கா எழுந்து எதிர்ப்பக்கத்துக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். எத்தனை நாள் அதைப் பார்த்திருக்கிறேன். காற்று வரட்டும் என்பாளே, அந்தத் தாழ்ப்பாள்.

அன்று எதிர் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. நாங்கள் நின்று அரை நிமிஷத்துக்குள் பக்கத்து லைனில் ஊர்ந்து வந்து நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். இறங்குமுன் என் பக்கம் திரும்பி, "ஆறு வெரல் போடாம பாத்துக்க டீச்சரு" என்றாள். ஜல்லியில் குதித்த சத்தம் கேட்டது. வெற்றிலைக்காரம்மா கதவை இழுத்துச் சாத்திவிட்டு, பிளாட்பாரத்துப் பக்கக் கதவுக்குப் போய், அவர் படியில் கால் வைத்த நேரம் பார்த்து, கூடையை அவர் காலடியிலேயே கவிழ்த்தாள். வெற்றிலை முழுக்கக் கொட்டிற்று. கடவுள் மாதிரி கும்பிடுகிற பொருளைச் செருப்புக் காலால் மிதித்துவிட்டான் என்று அவள் போட்ட கூச்சலில் ஸ்டேஷன் மாஸ்டரே வெளியே வந்துவிட்டார்.

நான் எதிர்ப்பக்கத்து ஜன்னலில் இருந்தேன். எதிர் வண்டியின் ஜன்னல் இரண்டு கை தூரம். அதில் அக்கா வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டாள்.

முழு முகம். திறந்த கண். அசையாமல் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள் என்று எனக்காக வைத்த முகம் அது. எட்டு மாதம் நான் கேட்டுக் கேட்டுத் தராததைத் தந்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு மூச்சு நேரம் பார்த்திருப்பேன். பின்னால் செருப்புச் சத்தம் பெட்டிக்குள் வந்துவிட்டது. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கேதான் அந்த ஆளும் பார்ப்பார். பேனா பையில் இருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன், ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பியைப் பார்த்தேன், கீழே மிதிபட்ட வெற்றிலையைப் பார்த்தேன். அவர் சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினார். கக்கூஸ் கதவைத் தள்ளிப் பார்த்தார். என் முன்னால் வந்து என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முதுகுக்குப் பின்னால் எதிர் வண்டி ஊதியது. நகர்ந்தது. கடைசிப் பெட்டியின் சத்தம் ஓயும் வரை நான் திரும்பவில்லை.

அதன் பிறகு ஒரு வாரம் அவர் திண்டிவனம் மண்டி வாசலில் நின்றாராம், வெற்றிலைக்காரம்மா சொன்னாள். அக்காவைப் பற்றி அந்தம்மாவுக்கும் எதுவும் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வண்டி விழுப்புரம் வரை போயிருக்கும். அங்கிருந்து நாலு திசைக்கும் லைன் உண்டு.

பயிற்சி முடித்து இப்போது மயிலத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். அதே பாசஞ்சர், அதே பெட்டி. மூன்று வருஷமாகப் பேனாவை விடவில்லை. கை, கூடை, மாடு, மயிலம் மலை, எதைக் கேட்டாலும் போடுகிறேன், என் வகுப்புப் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். முகம் மட்டும் போடுவதில்லை. புருவம் வரை வந்ததும் பேனா தானாக நின்றுவிடும். நன்றாக வந்துவிடுமோ என்று பயம். தப்பாக வந்தால் யாருக்கும் ஆபத்தில்லை.

போன வாரம் துணிந்து என் முகத்தையே கண்ணாடி பார்த்துப் போட்டேன். நேற்று வெற்றிலைக்காரம்மா முகத்தைப் போட்டேன். பார்த்துவிட்டு, பல்லைக் குறைத்துவிட்டாய் என்று சண்டைக்கு வந்தாள்.

நாளைக் காலை பேரணியில் வண்டி நிற்கும்போது அந்த முகத்தைத் தொடங்கப் போகிறேன். ஒரு மூச்சு நேரம் பார்த்ததுதான் கையில் இருக்கிறது. நெற்றியில் ஆரம்பிக்கக் கூடாது, கண்ணில் ஆரம்பிக்க வேண்டும். எத்தனை தாள் போகுமோ, தெரியாது. வருகிற வரை வரைவேன், வந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். யாருக்கும் காட்ட மாட்டேன். என்றைக்காவது எதிர் வண்டி ஜன்னலில் அவள் தெரிந்தால் விரித்துப் பிடிப்பேன். அவள் பார்த்து முடிக்கிற வரை பிடிப்பேன். பிறகு ஊற்றிவிடுவேன்.

அதற்காகத்தான் பையில் பேனாவோடு மைக்கூட்டையும் வைத்திருக்கிறேன்.